பங்களாப் பூந்தோட்டமும் லயத்துக் கொல்லையும்: மலையகத் தோட்டக்கலை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

'தோட்டம்' என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. மனைக்கு அயலிலே பூவும் காயும் கனியும் வேண்டி ஒருவர் தம் கையால் பேணி வளர்க்கும் நிலத்தையே அது பொதுவாகக் குறித்து வந்தது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் இச்சொல் வேறொரு பொருளைப் பெற்றது. நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பில் ஒரே பயிரை வளர்த்து, அதன் விளைவு முழுவதையும் கடல்கடந்து அனுப்பும் பெருநிலமே அங்குத் 'தோட்டம்' எனப்பட்டது. அந்நிலத்தை ஆண்டவர் 'தோட்டத்துரை'. அதிலே உழைத்தவர் 'தோட்டத்து ஆள்'. 'தோட்டக்காரன்' என்ற பெயரோ, துரையின் பங்களா முற்றத்தில் பூஞ்செடி வளர்த்தவனுக்கு உரியதாயிற்று. தொழிலாளி தன் லயத்துக்குப் பின்னே மரக்கறியும் பூவும் நட்ட சிறுதுண்டு நிலம் கொல்லை என்ற எளிய பெயரோடு நின்றது.

ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு பிரிந்து நிற்பது தற்செயலானதன்று. நிலம் எவருக்குரியது, அந்நிலத்தில் எச்செடியை நடலாம், எப்பருவத்தில் நடலாம், அதன் பயனை நுகர்பவர் யார் என்னும் வினாக்களுக்கு மலையகத்தின் வரலாறு அளித்த விடையே அப்பிரிவினையாகும். பெருந்தோட்டப் பொருளாதாரம் பற்றிய ஆய்வுகள் ஏற்றுமதியையும் கூலியையும் சட்டங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளன. ஆயின் செடிகளைத் தெரிவுசெய்தலும் பருவந்தோறும் அவற்றைப் பேணுதலும் ஆகிய அன்றாடக் கலையின் வாயிலாக அவ்வரலாற்றை நோக்கும் முயற்சி அருமையாகவே காணப்படுகிறது. அத்தகைய நோக்கு ஒன்றை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர்நாட்டுக் கனவு

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாச் சமவெளி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியரின் கவனத்தை ஈர்த்தது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக விளங்கிய எட்வேர்ட் பார்ன்ஸ் இங்குத் தமக்கென மாளிகை ஒன்றை எழுப்பியதோடு, நோயுற்ற படைவீரர் உடல் தேறுவதற்கான இடமாகவும் இதனை ஆக்கினார். வெப்பமண்டலக் குடியேற்ற நாடொன்றில் இங்கிலாந்தின் குளிரை உணரக்கூடிய இடம் கிடைத்தமை ஆட்சியாளருக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. குளிர் கிடைத்தபின் அதற்கேற்ற தோட்டமும் வேண்டியதாயிற்று.

இவ்வாசையைப் பெருமளவில் செயற்படுத்த முனைந்தவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற இவர், 1848இல் ஆங்கிலேயக் குடியானவர்களையும் கைவினைஞரையும் கால்நடைகளையும் விதைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து நுவரெலியாவில் ஒரு பண்ணையை நிறுவினார். உருளைக்கிழங்கும் ஏனைய ஐரோப்பிய மரக்கறிகளும் இங்கு வேரூன்றிய வரலாறு இம்முயற்சியுடன் தொடர்புடையது. ஆயினும் தொடக்கத்தில் அவருக்குக் கிட்டியது ஏமாற்றமே. அடர்ந்த காட்டையும் கரிய மேல்மண்ணையும் கண்டு வளமானதென நம்பிய நிலம், எருவின்றி எதனையும் தராது என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்தார். 1855இல் வெளிவந்த தமது இலங்கை வாழ்க்கை பற்றிய நூலில் இதனை அவர் ஒளிக்காது எழுதியுள்ளார். மலைநாட்டு மண்ணின் வளம் அதன் மேற்பரப்பிலே மெல்லியதொரு போர்வையாகவே உள்ளது. காட்டை அழித்து மழைக்குத் திறந்துவிட்டால் அப்போர்வை அடித்துச் செல்லப்படும். ஒரு பண்ணையாளர் கற்ற இப்பாடத்தைப் பெருந்தோட்டத்துறை கற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது.

ஹக்கலை: அரசின் தோட்டம்

நுவரெலியாவுக்கு அண்மையில், பாறைமலை ஒன்றின் அடியில் அமைந்த ஹக்கலைப் பூங்கா இன்று மலர்களைக் காணச் செல்வோரின் இடமாக உள்ளது. அது 1861இல் தொடங்கப்பட்டதோ மலர்களுக்காக அன்று. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தைப் பரிசோதனையாக வளர்ப்பதே அதன் முதல் நோக்கமாகும். தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளுக்குரிய அம்மரத்தை ஆசியக் குடியேற்ற நாடுகளில் வளர்த்துக்கொள்ளப் பிரித்தானியப் பேரரசு அக்காலத்திற் பெரிதும் முயன்றது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவைற்ஸ் என்பவரின் மேற்பார்வையில் ஹக்கலையில் நாற்றுகள் வளர்க்கப்பட்டன. தொடக்கத்தில் தோட்டத்துரைமார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கோப்பி வீழ்ச்சியுற்றபோது சிங்கோனாவின் மீது பாய்ந்தனர். 1880களின் நடுப்பகுதியில் இலங்கையின் சிங்கோனாப் பட்டை உலகச் சந்தையில் மலிந்தது, விலை சரிந்தது. கொயினா அளவு மிகுந்த மர இனத்தைத் தெரிவுசெய்து வளர்த்த யாவாத் தீவு அச்சந்தையைக் கைப்பற்றிக்கொண்டது. ஒரு செடியின் இனத்தைத் தெரிவதில் காட்டும் கவனம் ஒரு நாட்டின் வருவாயையே மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சிங்கோனாவின் காலம் தேய்ந்துவந்த வேளையில், 1884இலிருந்து ஹக்கலை குளிர்நாட்டுச் செடிகளின் பூங்காவாக உருமாறியது. ரோசாவும் பன்னங்களும் ஊசியிலை மரங்களும் அங்கு இடம்பெற்றன. நுவரெலியா நகரின் நடுவே ஹக்கலைப் பூங்காவின் ஆய்வு நிலமாக இருந்த பகுதி, விக்டோரியா மகாராணியின் ஆட்சி வைரவிழாவை ஒட்டி 1897இல் அவர் பெயரால் பூங்காவாயிற்று. பேராதனை, ஹக்கலை ஆகிய பூங்காக்களில் திரண்ட அறிவு ஆங்கில நூல்களாகவும் வெளிவந்தது. பேராதனையிற் பணியாற்றிய எச். எஃப். மக்மிலன் இலங்கையைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு எழுதிய வெப்பமண்டலத் தோட்டக்கலைக் கைந்நூல் 1910இல் வெளியாகி, பிற நாடுகளிலும் பயன்பட்டது.

இதற்கு மறுபுறமும் உண்டு. பூங்காக்கள் வாயிலாகவும் பங்களா முற்றங்கள் வாயிலாகவும் அழகுக்கென வந்த செடிகள் சில வேலி தாண்டின. 1826இல் பேராதனைக்குக் கொண்டுவரப்பட்ட நாயுண்ணி இன்று நாடெங்கும் பற்றையாக மண்டியுள்ளது. 1851இல் வந்த காட்டுச் சூரியகாந்தி மலைநாட்டு வீதியோரங்களை மஞ்சளாக்குகிறது. அதன் தழையை வெட்டி எருவாக இடுவதையேனும் மக்கள் கற்றுக்கொண்டனர். ஐரோப்பிய முட்புதரான கோர்ஸ் ஹோர்ட்டன் சமவெளியின் புல்நிலத்தில் பரவி அங்குள்ள இயற்கைத் தாவரங்களை நெருக்குகிறது. செடியைத் தெரிவுசெய்தல் ஒருவரின் விருப்பமாயினும் அதன் விளைவு பல தலைமுறைகளுக்குரியதாகின்றது.

கோப்பியும் தேயிலையும்: பயிரின் பருவமும் மனிதரின் இருப்பும்

மலைநாட்டிலே தமிழ்த் தொழிலாளர் குடியேறிய வரலாறு, பயிர்களின் பருவத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய வறட்சியும் பஞ்சமும் அறிந்த பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலம் என ஒன்று உண்டு. அக்காலத்திலே பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். பறிப்பு முடிந்ததும் பலர் தம் ஊருக்குத் திரும்பினர். ஒரு பருவத்துக்கு வந்து மறுபருவத்தில் மீள்பவன், தான் தங்கிய இடத்தில் செடி ஒன்றை நட்டு அதன் காய்க்காகக் காத்திருப்பதில்லை. கோப்பிக் காலத்தில் தொழிலாளரின் கொல்லை என ஒன்று பரவலாக உருவாகாமைக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிடப்பட்ட பூஞ்சணத்தின் வேலை அது. நோயை ஆராயும்பொருட்டு 1880இல் இலங்கை வந்த மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர், அது காற்றாற் பரவும் நுண்வித்துகளால் தொற்றுவது என்பதை நிறுவினார். மலைமேல் மலையாக இடைவெளியின்றி ஒரே செடியை நட்டமையே அந்நோய்க்குப் பெருவழி திறந்தது என்பதும் அவரது ஆய்வினாற் புலனாயிற்று. அடுத்த இருபதாண்டுகளில் கோப்பி ஏறத்தாழ முற்றாக மறைந்தது.

அதன் இடத்தைத் தேயிலை கைப்பற்றியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே வர்த்தகப் பயிர்ச்செய்கையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. தேயிலைக்குப் பறிப்புக்காலம் என்று தனியாக ஒன்றில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். சில நாட்களுக்கொரு முறை அதே செடிக்குத் திரும்பவேண்டும். ஆகவே தொழிலாளி குடும்பத்தோடு தங்கவேண்டியதாயிற்று. கொழுந்து பறிக்கப் பெண்களும், கவ்வாத்துக்கும் கான் வெட்டுக்கும் ஆண்களும் என வேலை பிரிந்தது. லயங்கள் நிலையான குடியிருப்புகளாயின. தேயிலைச் செடி வேரூன்றியபோதே தொழிலாளரும் மலைநாட்டில் வேரூன்றினர் எனக் கூறுவது மிகையாகாது. லயத்துக் கொல்லையின் தோற்றமும் இக்காலத்ததே.

செடியறிவும் கையறிவும்

தேயிலை பேணுதல் என்பது மிக நுண்ணிய தோட்டக்கலையாகும். தானாக வளரவிட்டால் மரமாகிவிடும் செடியை இடுப்பளவு உயரத்தில் நிறுத்திப் பரந்த மேசைபோல் ஆக்குவது கவ்வாத்து. தாழ்ந்த பகுதிகளில் இரண்டு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் உயர்ந்த குளிர்ப்பகுதிகளில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறையும் இது செய்யப்படும். இலை முழுவதையும் இழந்த செடி, வேரிலே சேமித்த மாப்பொருளைக் கொண்டே மீண்டும் துளிர்க்கவேண்டும். சேமிப்புக் குறைந்த வேளையிலோ கடும் வரட்சியிலோ வெட்டினால் செடி மடியும். வேரைக் கீறி அயடீன் இட்டுப் பார்த்து அதன் நிறத்தால் சேமிப்பை அறிவது விஞ்ஞானத்தின் முறை. இலையின் தடிப்பையும் பட்டையின் தோற்றத்தையும் கண்டு, எக்கிளையை விடுவது எதனை வெட்டுவது என ஒரு நொடியில் தீர்மானிப்பது கவ்வாத்துக்காரனின் முறை.

1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கொல்லை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்துறையிற் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. முன்பு தேயிலை விதையிலிருந்தே வளர்க்கப்பட்டது. ஆதலால் ஒரு மலையில் நின்ற செடிகளுள் ஒன்றுபோல் மற்றொன்று இராது. 1950களிலிருந்து, சிறந்த தாய்ச்செடியைத் தெரிந்து, ஓர் இலையும் அதன் கணுவும் கொண்ட துண்டினை வெட்டி நட்டு, அதே குணமுடைய செடிகளைப் பெருக்கும் முறை பரவியது. சிறு பொலித்தீன் உறைகளில் மண்ணிட்டு, பன்னத் தழையால் நிழலமைத்து, துண்டு வேர்விடும்வரை நாள்தோறும் ஈரம் காத்து வளர்க்கும் நாற்றுமேடைகள் தோட்டந்தோறும் தோன்றின. விளைச்சல் பெருகியது. ஆயின் ஒரே தன்மையுடைய செடிகள் ஒரு மலை முழுவதும் நிற்பது, கோப்பியின் அழிவு கற்பித்த பாடத்தை நினைவூட்டுவதாகும். இதனாலேயே ஒரே வகையை மட்டும் நம்பாது பல வகைகளை நடுவது பாதுகாப்பானதெனக் கருதப்படுகிறது. 1946இல் இலங்கையில் முதன்முறையாகத் தோன்றிய கொப்புள நோய், மழைக்கால ஈரத்தில் இளங்கொழுந்தைத் தாக்கியது. செம்பு கலந்த மருந்து தெளிப்பது அன்று முதல் பருவ வேலைகளுள் ஒன்றாயிற்று.

மண்ணைப் பேணுவதிலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம். களை ஒன்றுகூட இல்லாது சுரண்டி வைத்திருப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று முன்னைத் துரைமார் கருதினர். அதன் விலையாக மேல்மண் மழையோடு போயிற்று. கான்களையும் கல்லணைகளையும் அமைத்தலும், டடப் மரத்தின் தழையைப் பருவந்தோறும் வெட்டிச் செடியடியில் இடுதலும், சவுக்கு எனத் தோட்டங்களில் வழங்கும் கிரெவில்லியாவை நிழலுக்கும் காற்றுத் தடைக்கும் வளர்த்தலும் மண்ணரிப்பைக் குறைத்தன. மீள்நடுகைக்கு முன் ஈராண்டளவு மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ வளர்த்து நிலத்துக்கு ஓய்வளிக்கும் வழக்கமும் வந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பேக்கர் கண்ட உண்மையைச் சட்டம் ஏற்க ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

ஈண்டு ஒன்று மனங்கொளத்தக்கது. இவ்வறிவு முழுவதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. செய்யப்பட்டதோ தமிழர் கையால். துரைமார் தமிழ் கற்பதற்கென வெளிவந்த கைந்நூல்களுள் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். கட்டளையிடத் தேவையான தமிழ் அதில் உண்டு. கவ்வாத்துக்காரன் அறிந்ததைக் கேட்டறியத் தேவையான தமிழை அத்தகைய நூல்கள் நாடவில்லை. நூலில் ஏறாத அவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைவழியாகவே சென்றது.

ஆடிப்பட்டமும் மலைநாட்டுப் பருவமும்

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தோர் வெறுங்கையராக வந்தனரே அன்றி, வெற்றறிவினராக வரவில்லை. உழவரின் மரபறிவு அவர்களுடன் வந்தது. எனினும் அவ்வறிவு மலைநாட்டிலே சோதனைக்கு உள்ளாயிற்று. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழகத்துப் பழமொழி. ஹட்டன், தலவாக்கொல்லை, நுவரெலியா ஆகிய மேற்குச் சரிவுகளில் ஆடி மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சக்காலம். இடைவிடாத மழையும் மூடுபனியும் கடுங்காற்றும் நிலவும் அவ்வேளையில் விதைத்தால் விதை அழுகும். நாற்று சரிவோடு அடித்துச் செல்லப்படும். மலைமுகட்டின் கிழக்கே ஊவாப் பகுதியிலோ அதே ஆடி மாதத்தில் வரண்ட காற்று வீசும். அங்கு விதைத்தது நீரின்றி வாடும். பாட்டன் காலத்துப் பழமொழி மலையின் இரு பக்கங்களிலும் பொய்த்தது. ஆகவே ஒரு புதிய பட்டத்தை அவர்கள் தாமே கண்டறியவேண்டியிருந்தது.

மேற்குச் சரிவில் அமைந்த அப்புதிய பட்டத்தைச் சுருக்கமாகப் பின்வருமாறு வகுக்கலாம். தை, மாசி மாதங்கள் தெளிந்த வானமும் குளிர்ந்த இரவுகளும் கொண்டவை. காற்றடங்கிய இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி உறைபனியாகும். காலை வெயில் படும்போது இலைகள் கருகும். எனவே பள்ளத்து நிலத்தில் இளநாற்றை அப்போது நடாது, மேட்டுநிலத்தையே நாடுவர். நட்டவற்றைச் சாக்கும் வைக்கோலும் கொண்டு மூடுவர். வெயிலேறுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பர். இதே வரண்ட குளிர்காலமே திம்புளைத் தேயிலைக்கு மணமும் சுவையும் தரும் தரப்பருவம் என்பதும் குறிப்பிடத்தக்கது. பனி நீங்கியதும் பங்குனி, சித்திரையின் மாலை மழைகள் நிலத்தை நனைக்கும். போஞ்சி, கரட், பீற்றூட், கோவா, லீக்ஸ் ஆகியவற்றுக்கு அது நல்ல காலம். வைகாசி முதல் ஆடி வரை மழையின் ஆட்சி. நிலத்தைத் தழையால் மூடுவதும் கானைத் துப்புரவாக வைப்பதுமே அப்போது முதல் வேலை. உருளைக்கிழங்குக்கு வெளிறல் நோய் வரும் காலமும் அதுவே. புரட்டாதி, ஐப்பசியில் மழையின் கடுமை தணிந்து, இடிமுழக்கத்தோடு கூடிய மாலை மழையாக மாறும்போது மற்றொரு நடுகை நிகழும்.

பங்களாப் பூந்தோட்டத்தின் நாட்காட்டி வேறு. அது சித்திரையை நோக்கியே ஓடிற்று. ஏப்ரில் மாதத்தில் கொழும்பின் வெப்பத்திலிருந்து தப்பி நுவரெலியாவுக்கு வரும் செல்வர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஏற்றவாறு பூக்கள் மலரவேண்டும். மாசியில் கவ்வாத்துச் செய்த ரோசா ஏறத்தாழ ஏழெட்டு வாரங்களில் பூக்கும் என்ற கணக்கைக் கொண்டே தோட்டக்காரன் கத்தி எடுத்தான். டேலியா, பியூசியா, ஹைட்ரேஞ்சியா யாவும் இக்கணக்கிற்குள் அடங்கின. தேயிலை விரும்பும் அமில மண்ணிலே ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கும்; சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகும். மண்ணின் இயல்பை மலரின் நிறத்தால் அறியும் இவ்வாய்ப்பு தோட்டக்காரனுக்குப் பயனுள்ள பாடமாயிற்று.

லயத்துக் கொல்லை

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான அறையே பெரும்பாலான லயங்களில் ஒரு குடும்பத்தின் வீடாக இருந்தது. அதன் முன்னோ பின்னோ கிடைத்த சில முழ நிலமும், லயத்துக்கு அப்பால் தேயிலைக்கு உதவாத சரிவோ ஓடைக்கரையோ ஆகிய இடமுமே கொல்லைக்கு எஞ்சியவை. பிரட்டுக்களத்துக்குச் செல்லும் முன்பும், மாலை வேலை முடிந்த பின்பும், ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைத்த பொழுதே அதற்குரிய பொழுது.

இக்கொல்லையிற் செடிகள் தெரிவுசெய்யப்பட்ட முறை ஆராயத்தக்கது. முதலாவது தடை தட்பவெப்பம். ஊரிலே வீட்டுக்கு வீடு நின்ற முருங்கையும் கறிவேப்பிலையும் வேம்பும் நுவரெலியாவின் குளிரில் செழிப்பதில்லை. அம்மன் விழாவுக்கு வேண்டிய வேப்பிலையைக்கூடத் தாழ்நிலத்திலிருந்தே பெறவேண்டிய நிலை. அவற்றின் இடத்தை, துரையின் மேசைக்கென்று வந்த கோவாவும் போஞ்சியும் கரட்டும், கூரை மேல் ஏறும் சவ்சவ்வும், மரத்தக்காளியும் நிரப்பின. ஆங்கிலேயரின் கனவிலே விளைந்த மரக்கறி, தொழிலாளியின் சட்டியிலே தமிழ்க் குழம்பாயிற்று. பங்களாவில் வெட்டி எறிந்த ரோசாக் கொப்பும் பிரித்தெடுத்த டேலியாக் கிழங்கும் தோட்டக்காரன் வழியாக லயத்து வாசலுக்கு வந்து பூசைக்கும் கூந்தலுக்கும் மலர் தந்தன.

இரண்டாவது, மண். தேயிலை மண்ணின் அமிலத்தன்மை கோவாவுக்கும் பீற்றூட்டுக்கும் ஆகாது. அடுப்புச் சாம்பலை இட்டு அதனைத் தணித்தனர். விறகுச் சாம்பல் காரத்தன்மையுடையது. அதனை இடும் வழக்கம் விஞ்ஞான முறைப்படியும் பொருத்தமானதே. மாடு வளர்த்த குடும்பங்கள் சாணத்தை எருவாக்கின. பேக்கர் கப்பலேற்றிக் கொண்டுவந்த கால்நடைகளால் பெற முனைந்த அதே பயனைத் தொழிலாளி ஒரு பசுவினால் பெற்றான்.

மூன்றாவதும் மிக முக்கியமானதும், நில உரிமை. கொல்லை நிலம் தோட்டத்துக்கே சொந்தம். தொழிலாளியின் வீடும் வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடு போகும்; வீடு போனால் கொல்லையும் போகும். இந்நிலையில் மூன்று மாதத்தில் பயன்தரும் போஞ்சியை நடுவது அறிவுடைமை. பத்தாண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை நடுவது துணிவு. லயங்களைச் சூழ்ந்து ஓராண்டுப் பயிர்களும், தண்டு வெட்டி எடுத்துச் செல்லக்கூடிய பூஞ்செடிகளும் மிகுந்திருப்பதற்கும், தலைமுறை தாண்டி நிற்கும் பழமரங்கள் அருகியிருப்பதற்கும் குளிர் மட்டுமே காரணமன்று. நாளையைப் பற்றிய ஐயமும் ஒரு காரணமாகும்.

வேரும் குடியுரிமையும்

அவ்வையம் ஆதாரமற்றதன்று என்பதை வரலாறு காட்டிற்று. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதெனவும் முடிவு செய்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். எவரது எதிர்காலம் தீர்மானிக்கப்பட்டதோ அவர்கள் அப்பேச்சுகளில் இடம்பெறவில்லை. இந்தியா சென்றோருட் பலர் நீலகிரியில் அரசு தோட்டங்களில் மீண்டும் தேயிலையையே நட்டனர். அதற்கென 1968இல் தமிழ்நாட்டரசு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. ஹட்டனில் பழகிய கவ்வாத்துக் கத்தி கூடலூரிலும் கோத்தகிரியிலும் பயன்பட்டது.

1972இலும் 1975இலும் நடைபெற்ற நிலச்சீர்திருத்தம் தோட்டங்களைத் தனியார் கையிலிருந்தும் பிரித்தானியக் கம்பனிகளிடமிருந்தும் அரசுடைமையாக்கிற்று. ஆயினும் தொழிலாளிக்குக் கொல்லை நிலம் சொந்தமாகவில்லை. இதே காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்திலே தோட்டப்புறங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. உலகுக்குப் பானம் தந்த பசுமையான மலைகளின் நடுவே உண்ண உணவின்றி மக்கள் இறந்தனர். உணவுக்கு விலையும் பங்கீடும் சதிசெய்த அந்நாட்களில், கொல்லையின் ஒரு பிடி கீரையும் சவ்சவ்வும் அழகுக்குரிய பொழுதுபோக்காக அன்றி உயிரின் ஆதாரமாக நின்றன. கொல்லை நிலம் ஏன் உரிமைப் பிரச்சினையாகிறது என்பதை அவ்வாண்டுகள் தெளிவாக உணர்த்தின.

1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003இல் இயற்றப்பட்ட சட்டம் நாடற்றவர் பிரச்சினைக்குப் பெருமளவு முடிவு கண்டது. 2015க்குப் பின்னர் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. பழைய லய அறையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பதினாறு மடங்கு. இத்திட்டத்தில் இடம்பெற்றோர் மொத்தத் தொகையிற் சிறுபகுதியினரே. எனினும் தமது பெயரில் நிலம் பெறும்போது ஒருவர் முதன்முறையாக நெடுங்கால மரம் ஒன்றை ஐயமின்றி நடமுடிகிறது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டமையும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. சில மாதங்களில் தடை நீக்கப்பட்டபோதிலும் பாதிப்பு நீங்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. நுவரெலியாவின் மரக்கறிச் செய்கையும் நலிவுற்றது. இயற்கைப் பசளை நன்மை பயப்பதே. ஆயின் அது பல பருவங்களில் மண்ணோடு இணங்கி வளரவேண்டிய ஒன்று. ஓர் ஆணையால் மண்ணின் பழக்கத்தை ஒரு போகத்துக்குள் மாற்ற இயலாதென்பதை, மாட்டுச் சாணத்தையும் சாம்பலையும் ஆண்டுக்கணக்கில் இட்டுக் கொல்லையைப் பண்படுத்திய எந்தத் தொழிலாளியும் கூறியிருக்கக்கூடும். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மலையகத்தில் இரு தோட்டக்கலைகள் ஒன்றையொன்று தொட்டு வளர்ந்தமை புலனாகும். ஒன்று, பேரரசின் பூங்காக்களிலும் பங்களா முற்றங்களிலும் வளர்ந்து, நூல்களிலே பதிவாகி, பெயர் பெற்றது. மற்றொன்று, லயத்துக்குப் பின்னே வளர்ந்து, எழுத்தில் ஏறாது, பெயரின்றி நின்றது. முன்னையதைத் தாங்கிய கைகளும் பின்னையதை உருவாக்கிய கைகளும் ஒன்றே. பொய்த்துப்போன பழமொழியை விடுத்துப் புதிய பருவத்தைக் கண்டறிந்ததும், அந்நியச் செடியைத் தம் உணவாக்கிக்கொண்டதும், புளித்த மண்ணைச் சாம்பலால் திருத்தியதும் அக்கைகளே.

அக்கையறிவைத் திரட்டி எழுதுதல் இன்றைய தலைமுறையின் கடன். கவ்வாத்துக்காரரும் நாற்றுமேடைப் பெண்களும் பங்களாத் தோட்டக்காரரும் முதுமையுற்று வரும் இவ்வேளையில், அவர்களிடம் சென்று கேட்டுப் பதிவு செய்வது பல்கலைக்கழக மாணவரால் ஆகக்கூடிய பணியே. மலையகத்தின் வரலாறு ஆணைக்குழு அறிக்கைகளில் மட்டும் இல்லை. லயத்துக் கொல்லையின் ஒவ்வொரு பாத்தியிலும் அது எழுதப்பட்டுள்ளது. 'தோட்டம்' என்னும் சொல் தன் பழைய பொருளை மீண்டும் பெறும் நாள், அதாவது தன் கையால் வளர்த்த நிலம் தனக்கே உரியது என்று மலையகத் தொழிலாளி கூறும் நாள், அவ்வரலாற்றில் ஒரு புதிய பருவத்தின் தொடக்கமாக அமையும்.